மெதுவான முறைக்கே முதலிடம்

1990களின் நடுவில் வந்த ஐ.பி.எம். வகைக் கணினி ஒன்றின் பயாஸ் திரையைத் திறந்தால், அதில் பேரலல் போர்ட்டுக்கென்று ஒரு வரி இருக்கும். பிரிண்டர் மாட்டும் அந்த 25 துளை இணைப்பு எந்த முறையில் தரவை அனுப்ப வேண்டும் என்று அது கேட்கும். சாதாரணம், இருதிசை, இ.பி.பி., இ.சி.பி., கடைசியாக இரண்டும் சேர்ந்த ஒன்று. இ.பி.பி. என்று சொன்னால் 1.7-ஆ 1.9-ஆ என்று அடுத்த கேள்வி வரும், இ.சி.பி. என்று சொன்னால் டி.எம்.ஏ. சேனல் 1-ஆ 3-ஆ என்று கேட்கும். இவற்றுக்கு எந்த விளக்கமும் திரையில் இருக்காது. இதை வேகப் பட்டியலாகப் படிப்பது எளிது: கீழே போகப் போக வேகம் கூடுகிறது, ஆகவே கடைசியில் இருப்பதே சிறந்தது என்று. அந்த வாசிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அது காலவரிசைப் பட்டியல். ஒவ்வொரு முறையும், ஒரு கருவியைச் செய்தவர் தன் காலத்துப் போர்ட்டிடம் எதை எதிர்பார்க்க முடிந்தது என்பதன் பதிவு. பழைய கருவிக்கு முறை தேர்வது என்றால் அந்தக் கருவி எந்த ஆண்டின் போர்ட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான். பட்டியலில் மிக மெதுவானதை எப்போதும் முதலில் நிறுத்தி வைத்த பொறியாளர்கள் சரியான முடிவையே எடுத்தார்கள் என்றும் நான் கருதுகிறேன்.

இந்தப் போர்ட்டின் பிறப்பிலேயே தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் மாடல் 101 டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வெளியிட்டது. நொடிக்கு 165 எழுத்துகள் அடிக்கும் அந்த இயந்திரத்துக்கு எழுத்துகளைக் கொண்டுசேர்க்க ஓர் இணைப்பு தேவைப்பட்டது. சென்ட்ரானிக்ஸ் தோன்றிய வாங் நிறுவனத்திடம், பழைய கால்குலேட்டர் ஒன்றுக்காக வாங்கிய ஆம்ஃபினால் 36 பின் இணைப்பிகள் 20,000 மிஞ்சிக் கிடந்தன. அவையே பயன்பட்டன. இடைமுகத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது 21 பின்கள் மட்டுமே. ஆனால் அந்த 21 கம்பிகளில் வைக்கப்பட்ட ஏற்பாடு தற்செயலானதல்ல. எட்டுக் கம்பிகளில் ஒரு பைட்டை நிறுத்து. ‘ஸ்ட்ரோப்’ கம்பியில் ஒரு கணம் மின்னழுத்தத்தை இறக்கி, எடுத்துக்கொள் என்று சொல். பிரிண்டர் ‘பிஸி’ கம்பியை உயர்த்தி, பொறு என்று சொல்லும். முடிந்ததும் ‘அக்’ கம்பியில் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும். இவ்வளவுதான். கடிகாரம் இல்லை, இருவரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிண்டர் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் கணினி காத்திருக்கும். மற்ற பிரிண்டர் நிறுவனங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன; எந்தத் தரக்குழுவும் கூடாமலே இது தரநிலை ஆயிற்று.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பிசியை வெளியிட்டபோது அதனுடன் விற்ற பிரிண்டர் எப்சன் செய்த எம்.எக்ஸ்.-80, மேலே ஐ.பி.எம். பெயர் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அதனால் சென்ட்ரானிக்ஸ் ஏற்பாடு பிசிக்குள் வந்தது. 36 பின்னுக்குப் பதிலாக 25 பின் இணைப்பியை ஐ.பி.எம். தேர்ந்தது: 8 தரவுக் கம்பிகள், பிரிண்டர் பேசுவதற்கு 5 நிலைக் கம்பிகள், கணினி கட்டளையிட 4 கட்டுப்பாட்டுக் கம்பிகள், மீதி 8 தரைக் கம்பிகள். இங்கே ஒரு சிறு முடிவு இந்தப் போர்ட்டின் அடுத்த பதினைந்து ஆண்டுகளைத் தீர்மானித்தது. ஐ.பி.எம். கார்டில் தரவை வெளியே அனுப்பும் சிப் ஒன்றும், அதே கம்பிகளில் இருப்பதைத் திரும்பப் படிக்கும் சிப் ஒன்றும் இருந்தன. படிக்கும் சிப் சோதனைக்காக வைக்கப்பட்டது. அனுப்பும் சிப்பை அணைத்துவைக்க ஒரு கால் உண்டு, ஐ.பி.எம். அந்தக் காலை நேராகத் தரையில் கட்டிவிட்டது. அதனால் அது எப்போதும் அனுப்பும் நிலையிலேயே இருந்தது. வெளியிலிருந்து எந்தக் கருவியும் அந்த எட்டுக் கம்பிகளில் எதையும் எழுத முடியவில்லை. அந்த ஒரு தடத்தை வெட்டி, பயன்படாமல் கிடந்த ஒரு கட்டுப்பாட்டு பிட்டுடன் இணைத்தால் போர்ட் இருதிசை ஆகிவிடும். கார்டை ஆராய்ந்த ஆர்வலர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். பிரிண்டருக்கு எழுத்து போனால் போதும், பிரிண்டரிடமிருந்து வருவதற்கு என்ன இருக்கிறது என்பதே 1981இன் எண்ணம். அன்றைய பிரிண்டர்களை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணத்தில் தவறில்லை.

ஆனால் எல்லா பிசியின் முதுகிலும் ஒரே மாதிரி 25 துளைகள் இருந்தன. உள்ளே கார்டு செருகவோ பெட்டியைத் திறக்கவோ வேண்டியதில்லை. அதனால் பிரிண்டர் அல்லாத கருவிகள் அங்கே வந்து குவிந்தன. அவற்றைச் செய்தவர்கள் ஒவ்வொருவரும், இல்லாத வழியைத் தாமே திறந்துகொண்டார்கள். உள்வரும் கம்பிகள் ஐந்து உண்டு. அவற்றில் நான்கில் அரை பைட்டும் ஐந்தாவதில் தயார் என்னும் அறிகுறியும் அனுப்பினால், இரண்டு தடவையில் ஒரு பைட் உள்ளே வந்துவிடும். நிபிள் முறை என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான். நொடிக்குச் சுமார் 50 கிலோபைட்தான் கிடைக்கும். ஆனால் 1981இன் முதல் கார்டிலும் அது ஓடும். 1983இல் தொடங்கிய லேப்லிங்க் மென்பொருளின் பேரலல் கேபிள் இந்த வழியில்தான் இரண்டு கணினிகளை இணைத்தது, 1993இல் எம்.எஸ்.-டாஸ் 6 உடன் வந்த இன்டர்லிங்கும் அப்படியே. இன்னும் துணிந்தவர்கள் கட்டுப்பாட்டுக் கம்பிகளையே உள்வழியாக்கினார்கள். அந்த நான்கும் ‘ஓப்பன் கலெக்டர்’ வகை. கணினி உயர்நிலையில் விட்டால் வெளியிலுள்ள கருவி அதைக் கீழே இழுக்கலாம், கணினி அதைப் படிக்கலாம். கோவாக்ஸ் ஒலிக்கருவியோ எந்தப் பதிலையும் எதிர்பார்க்கவில்லை: எட்டுக் கம்பிகளில் சில மின்தடைகளை அடுக்கிவைத்து, வரும் எண்ணை அப்படியே ஒலியாக்கியது. விலை உயர்ந்த மென்பொருள்களுடன் வந்த ஹார்டுவேர் லாக்குகள், பிரிண்டருக்கு முன்னால் செருகப்பட்டு, பிரிண்டருக்குப் பொருளற்ற சில அசைவுகளைக் கேட்டு விடை சொல்லின. இந்திய மொழி எழுத்துரு மென்பொருள்கள் பலவும் அப்படி ஒரு லாக்குடன்தான் விற்கப்பட்டன. நம் ஊர் டி.டி.பி. கடைக்காரர்களுக்கு அந்தச் சிறு பிளாஸ்டிக் கட்டி நன்றாகத் தெரியும். இவை எவையும் எந்த ஆவணத்திலும் எழுதப்பட்ட உரிமையைப் பயன்படுத்தவில்லை. 1981இன் கார்டு எப்படி நடந்துகொண்டதோ, அந்த நடத்தையையே ஆவணமாக எடுத்துக்கொண்டன. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான்.

1987இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 வரிசையில் அந்தத் தரைக்காலை விடுவித்தது. கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் ஒரு பிட்டை மாற்றினால் எட்டுக் கம்பிகளும் உள்வழியாகும். பயாஸ் பட்டியலில் ‘இருதிசை’ என்று நிற்பது இதுவே. ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் கம்பிகளை இறக்கி ஏற்றும் வேலை இன்னும் மென்பொருளிடமே இருந்தது. எழுது, பிஸியா என்று பார், ஸ்ட்ரோபை இறக்கு, ஏற்று: ஒரு பைட்டுக்கு நான்கைந்து கட்டளைகள். ஒவ்வொன்றும் ஐ.எஸ்.ஏ. பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடி எடுக்கும். வேகம் நொடிக்கு 150 கிலோபைட்டுக்குப் பக்கத்தில் முட்டி நின்றதற்கு இதுதான் காரணம்.

இந்தச் சுவரை இரண்டு குழுக்கள் இரண்டு வேறு தேவைகளுக்காக உடைத்தன. இரண்டு முறைகள் பட்டியலில் அருகருகே நிற்பதால் ஒன்று மற்றதன் மேம்பட்ட வடிவம் என்று நினைக்கத் தோன்றும், அப்படியல்ல. 1991இல் இன்டெல், சைர்காம், ஜெனித் டேட்டா சிஸ்டம்ஸ் மூன்றும் சேர்ந்து இ.பி.பி.யை வரையறுத்தன. சைர்காம், மடிக்கணினியின் பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஈத்தர்நெட் கருவி செய்த நிறுவனம். வலைப்பின்னலில் தரவு எப்போது எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு பைட் படி, ஒரு பைட் எழுது என்று நொடிக்கு நொடி திசை மாற வேண்டும். ஆகவே இ.பி.பி.யில் ஒரே கட்டளை போதும். கம்பிகளை அசைப்பதை சிப்பே பார்த்துக்கொள்ளும். வேகம் நொடிக்கு 2 மெகாபைட் வரை போகலாம். இதற்கு ஒரு விலை உண்டு: கருவி பதில் சொல்லும்வரை கணினியின் பஸ்ஸே காத்து நிற்கும். காத்திருப்பு நீண்டால் நினைவகத்தைப் புதுப்பிக்கும் வேலை தடைபடும். ஆகவே ஏறக்குறைய 10 மைக்ரோநொடியில் சிப் கைவிட்டுவிடும். இன்னொரு விலை முகவரியில் இருந்தது. இ.பி.பி. கூடுதல் பதிவேடுகளைக் கேட்டது, ஐ.பி.எம். மோனோகுரோம் கார்டில் இருந்த பழைய போர்ட் முகவரியில் அந்தக் கூடுதல் இடம் வி.ஜி.ஏ. முகவரிகளுடன் மோதும். ஆகவே அந்த முகவரியில் இ.பி.பி. கிடைக்காது.

இ.சி.பி.யின் கதை பக்கங்களின் கதை. 1992இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் அதை முன்வைத்தன. அதே ஆண்டில் எச்.பி. வெளியிட்ட லேசர்ஜெட் 4, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அச்சிட்டது. நிமிடத்துக்கு 8 பக்கங்கள். ஒரு ஏ4 பக்கத்தை 600 புள்ளிப் படமாக அனுப்பினால் சுமார் 4.3 மெகாபைட் ஆகும். நொடிக்கு 150 கிலோபைட் போகும் போர்ட்டில் அதற்கு ஏறக்குறைய அரை நிமிடம் வேண்டும். பிரிண்டரோ ஏழரை நொடியில் அடுத்த பக்கத்துக்குத் தயாராகிவிடும். கேட்கப்பட்டது திசை மாற்றும் வேகம் அல்ல, ஒரே திசையில் நிற்காமல் பாயும் ஓட்டம். அதனால் இ.சி.பி.யில் 16 பைட் வரிசைத் தேக்கம் வந்தது, செயலியைத் தொந்தரவு செய்யாத டி.எம்.ஏ. வந்தது, ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சுருக்கி அனுப்பும் வசதி வந்தது. வெள்ளை இடம் நிறைந்த பக்கத்துக்கு இந்தச் சுருக்கம் மிகவும் பொருந்தும். ஸ்கேனர், வெளி டிரைவ், ஈத்தர்நெட் ஆகியவற்றுக்கு இ.பி.பி., லேசர் பிரிண்டருக்கு இ.சி.பி. என்று பொதுவாகச் சொல்லப்பட்ட விதிக்கு அடிப்படை இதுவே. அது வேகத்தை ஒப்பிட்டுச் சொன்ன விதியல்ல. யார் யாருடன் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துச் சொன்ன விதி.

இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது 1994இன் ஐ.இ.இ.இ. 1284 தரநிலை. அதன் ஐந்து முறைகளில் ஒன்றைக்கூட அது புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதே அதன் சிறப்பு என்று சொல்வேன். சாதாரணம், நிபிள், பைட் (மேலே சொன்ன இருதிசை), இ.பி.பி., இ.சி.பி. என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவற்றை அது ஏற்று, அவற்றுக்கிடையே போய்வர ஒரு வழி மட்டும் அமைத்தது. அந்த வழி அழகானது. கணினி விரும்பும் முறையின் எண்ணைத் தரவுக் கம்பிகளில் வைத்து, பழைய பிரிண்டர் வேலையில் வராத ஒரு சேர்க்கையில் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளை அசைக்கும். புதிய கருவி அதை அடையாளம் கண்டு நிலைக் கம்பிகளில் குறிப்பிட்ட விடை சொல்லும். பழைய கருவிக்கு அது புரியாது, சும்மா இருக்கும். அந்த மௌனத்தையே விடையாக எடுத்துக்கொண்டு கணினி சாதாரண முறையிலேயே நின்றுவிடும். எந்த உரையாடலும் 1970இன் முறையில்தான் தொடங்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும். ஒரு வீட்டில் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருக்கும்போது, பாட்டிக்குப் புரியும் பேச்சிலேயே தொடங்கிவிட்டுப் பிறகு பேரனிடம் வேறு பேசுவது போன்ற மரியாதை அது. விண்டோஸ் 95 ஒரு பிரிண்டரின் பெயரைத் தானே கண்டறிந்து சொன்னதும், நல்ல கேபிளில் 10 மீட்டர் தூரம் சாத்தியமானதும் இந்தத் தரநிலையின் பயன்களே.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கணினியும் கருவியும் தாமே பேசி முறையை முடிவு செய்கின்றன என்றால், பயாஸில் மனிதர் தேர்வு செய்ய வேண்டியது ஏன்? இ.சி.பி.யும் இ.பி.பி.யும் சேர்ந்த கடைசித் தேர்வை வைத்துவிட்டு மறந்துவிடலாமே. அந்த சிப்கூட இயங்கத் தொடங்கும்போது சாதாரண நிலையில்தானே நிற்கிறது? 1994க்குப் பிறகு, தரநிலையைப் பார்த்துச் செய்த கருவிகளுக்கு இது பெரும்பாலும் உண்மை. ஆனால் பேச்சுவார்த்தை கம்பிகளில் நடக்கிறது. பொருந்தாமை கம்பிகளில் மட்டும் இருக்கவில்லை. இ.சி.பி. என்று தேர்ந்தவுடன் விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்கு ஒரு ஐ.ஆர்.க்யூ. என்னும் குறுக்கீட்டு எண்ணையும் ஒரு டி.எம்.ஏ. சேனலையும் ஒதுக்கும். டாஸ் காலத்தில் பிரிண்டர் போர்ட்டின் ஐ.ஆர்.க்யூ. 7-ஐ நடைமுறையில் யாரும் பயன்படுத்தவில்லை. அதனால்தான் தொடக்ககால சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகள் அதே எண்ணில் அமைக்கப்பட்டு வந்தும் சண்டை வரவில்லை. இ.சி.பி. அந்த எண்ணை உண்மையாகவே கேட்டபோது, பல ஆண்டுகளாகத் தூங்கிய முரண் விழித்துக்கொண்டது. டி.எம்.ஏ. சேனல் 3-இலும் ஒலிக்கார்டுகளுடன் அதே கதை. அடுத்து, மேல்முறைகளில் கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓப்பன் கலெக்டராக இருப்பதை விட்டு, உயர்நிலையையும் பலமாகத் தள்ளும் வகைக்கு மாறும். நீண்ட கேபிளில் வேகத்துக்கு அது தேவை. ஆனால் அந்தக் கம்பிகளைக் கீழே இழுத்துப் பேசிப் பழகிய பழைய கருவிக்கு வாய் கட்டப்பட்டது போலாகும். இ.பி.பி. 1.7, 1.9 வேறுபாடும் இத்தகையதே: கருவி தயாராக இருப்பதைப் பார்த்த பிறகுதான் சுழற்சியைத் தொடங்குவதா, பாராமல் தொடங்குவதா என்பதில் தரநிலைக்கு முந்தைய சிப்புகளும் பிந்தையவையும் வேறுபட்டன. இவற்றை எந்தப் பேச்சுவார்த்தையும் தீர்க்காது. கருவியின் வயது தெரிந்த ஒருவர்தான் தீர்க்க வேண்டும். 1990க்கு முந்தைய கருவி என்றால் சாதாரணம், அதிகம் போனால் இருதிசை. 1990களின் தொடக்கத்து ஸ்கேனர் அல்லது டிரைவ் என்றால் இ.பி.பி.; பிற்காலத்து லேசர் பிரிண்டர் என்றால் இ.சி.பி. ஐயம் வந்தால் மெதுவானதிலிருந்து மேலே போக வேண்டுமே தவிர, மேலிருந்து கீழே அல்ல. கருவி சாதாரண முறையில் வேலை செய்துவிட்டால், அடிப்படை இணைப்பு சரியாக இருக்கிறது என்றாவது உறுதியாகிவிடும்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இத்தனை ஒட்டுப்போடுவதற்குப் பதில், 1987இலேயே பழையதை விட்டுவிட்டு வேறு இணைப்பியுடன் புதிய போர்ட் ஒன்றைச் செய்திருக்கலாம். பயனர்கள் இத்தனை ஆண்டுகள் எழுத்துச் சுருக்கங்களுடன் மல்லாடியிருக்க மாட்டார்கள் என்பது. அந்தத் துன்பம் உண்மையானது. விளக்கமின்றி அதைப் பயனரின் தலையில் கட்டிய பயாஸ் திரைகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மாற்று வழி ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கஸி என்னும் வேகமான இணைப்பு முறை 1986இலேயே தரநிலையாகிவிட்டது. மேக்கின்டாஷ் அதைப் பின்புறத்திலேயே வைத்து விற்றது. 1990களின் நடுவில் ஐயோமெகா 100 மெகாபைட் ஜிப் டிரைவை விற்றபோது, வேகமான ஸ்கஸி வடிவமும் இருந்தது, மெதுவான பேரலல் வடிவமும் இருந்தது. பேரலல் வடிவம் ஏன் தேவைப்பட்டது? ஸ்கஸி கார்டு இல்லாத பிசிகளில் அது ஓடியது. நிபிள் முறை மட்டும் உள்ள பழைய போர்ட்டிலும் மெதுவாகவேனும் ஓடியது. புதிய போர்ட் வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால், அந்த இயந்திரங்களில் பலவற்றுக்கு வெளி டிரைவே கிடைத்திருக்காது. சிக்கலை ஏற்றுக்கொண்டது, பழைய இயந்திரம் வைத்திருந்தவருக்கும் இடம் கொடுப்பதற்காக.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வேறெங்கும் ஓய்ந்த பிறகும் இந்தியாவில் நீண்ட காலம் ஓடியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்பன் தாளில் மூன்று பிரதி வேண்டும் கடைகளும், பில் போடும் மருந்தகங்களும், வங்கிகளும் அதை விடவில்லை. டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் விற்ற எம்.எஸ்.பி. வரிசைப் பிரிண்டர்களில் யு.எஸ்.பி. வந்த பிறகும் பேரலல் இணைப்பு தொடர்ந்து இருந்தது. அவற்றுக்கு இ.சி.பி.யும் வேண்டாம், இ.பி.பி.யும் வேண்டாம், 1970இன் ஸ்ட்ரோபும் பிஸியும் போதும்.

யு.எஸ்.பி. 1996இல் வந்து மெல்ல மெல்ல இந்தப் போர்ட்டின் இடத்தைப் பிடித்தது. இன்று கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி.-பேரலல் கேபிள், தோற்றத்தில் அதே 36 பின்னோ 25 துளையோ உடையது. ஆனால் அது போர்ட் அல்ல. கணினிக்கு அது ஒரு பிரிண்டர் மட்டுமே. பதிவேடுகள் இல்லை, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே அசைக்க வழியில்லை. அதனால் டாட் மேட்ரிக்ஸ் அதில் ஓடும். ஹார்டுவேர் லாக், ஜிப் டிரைவ், ஸ்கேனர், கோவாக்ஸ் எதுவும் ஓடாது. முதல் கார்டின் நடத்தையை ஆவணமாக நம்பிய கருவிகள் எவை என்பதை இந்தக் கேபிள் துல்லியமாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. உண்மையான போர்ட் இன்றும் வேண்டும் என்பவர்களில் சிறு பட்டறைகளின் கணினிவழிக் கடைசல், மில்லிங் இயந்திரங்களை இயக்குவோர் இருக்கிறார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த லினக்ஸ் சி.என்.சி., ஒவ்வொரு மோட்டாருக்கும் அடி, திசை என்ற அறிகுறிகளைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது. தரவுக் கம்பிகளை உள்வழியாக வைப்பதா, கட்டுப்பாட்டுக் கம்பிகளை உள்வழியாக வைப்பதா என்று அதன் அமைப்புக் கோப்பில் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, ஓப்பன் கலெக்டர் கம்பிகள் உள்ள போர்ட்டில் மட்டுமே நடக்கும்.

பேரலல் போர்ட்டில் மாட்டும் பழைய வட்டு டிரைவ்களுக்காக 1990களின் பிற்பாதியில் லினக்ஸில் எழுதப்பட்ட பாரைட் என்ற டிரைவர் தொகுப்பை, 2023இல் கெர்னலைப் பராமரிப்பவர்கள் நீக்கினார்கள். கருவிகளைக் கைவிடுவதற்காக அல்ல. அதன் இடத்தில் இன்றைய வட்டு அமைப்புடன் பொருந்தும் புதிய டிரைவர் ஒன்றைச் சேர்த்தார்கள். முறை எது என்று சொல்லாவிட்டால் அது தானே முறைகளைச் சோதித்துப் பார்க்கும். ஆனால் போர்ட், கருவியின் மொழி ஆகியவற்றுடன் முறையின் எண்ணையும் பயனரே கையால் குறிப்பிட அதில் இன்னும் இடம் உண்டு. அந்த எண் வரிசையில் முதலில் நிற்பவை இப்போதும் நான்கு பிட் முறையும் எட்டு பிட் முறையும்தான். இ.பி.பி. அவற்றுக்குப் பின்னால் வருகிறது.